முதல் கம்பி எறங்குறதுக்கு முன்னாடி

கூட்டத்துக்கு நாங்க எல்லாரும் மனு எடுத்துட்டு போயிருந்தோம், அந்த அக்கா மட்டும் கல்யாண ஆல்பம் எடுத்துட்டு வந்திருந்தாங்க. கடற்கரைல கட்டப்போற அடுக்குமாடி ப்ராஜெக்ட் பத்தின கருத்துக்கேட்பு கூட்டம் அது, மேடைல அதிகாரிங்க, ஓரத்துல லேப்டாப்போட கம்பெனி ஆளுங்க, கீழ நாங்க ஒரு முந்நூறு பேர் இருக்கும். அக்காவோட முறை வந்ததும் மைக்க வாங்காம நேரா மேடைக்கு போயி ஆல்பத்த விரிச்சு வச்சாங்க. முதல் போட்டோ கல்யாணம் முடிஞ்ச கையோட மணல்ல எறங்கி நின்னு எடுத்தது, பின்னாடி பழைய கல் படிக்கட்டு, ஒன்பது படி தெரியுது. அடுத்தது மூத்த பையனுக்கு ஒரு வயசு, அதே படிக்கட்டு, நாலு படிதான் தெரியுது, மீதிய மணல் மூடிடுச்சு. அப்புறம் பொண்ணு யூனிஃபார்ம்ல நிக்குது, பன்னெண்டு படி, அதுக்கும் கீழ அஸ்திவாரக் கல்லே வெளிய தெரியுது. இப்படி முப்பது வருஷத்து படம். "சார், ஒரு நாள் வந்து அளந்துட்டு கரை இங்கதான் நிக்குதுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கீங்களே, எந்த வருஷத்துக் கரைய சொல்றீங்க, எம்பையன் வயசுக் கரையா, எம்பொண்ணு வயசுக் கரையா?"ன்னு கேட்டாங்க.

ஹால்ல சத்தமே இல்ல. நான் ரெண்டு வருஷமா இதுக்காக அலையுறேன், அந்த ரிப்போர்ட்ட வரி விடாம படிச்சிருக்கேன், ஆட்சேபணை கடிதம் எத்தனையோ எழுதியிருக்கேன், ஆனா விஷயத்த இவ்ளோ நேரா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அன்னைக்கு ராத்திரியே இத எழுதணும்னு தோணுச்சு, முடியல, இப்பதான் உக்காந்திருக்கேன்.

எடம் எப்படின்னா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆத்து முகத்துவாரம், நடுவுல நீளமா மணல்மேடு, அதுமேல நாலு டவர் கேக்குறாங்க. கீழ ரெண்டு அடுக்கு கார் பார்க்கிங், தோண்டி எறக்கணும். ஊர் பேர் எதுக்கு, இந்த மாதிரி எடம் உலகம் முழுக்க இருக்கு, கேக்குற ஆளும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் கேக்குறாங்க, நாங்க சொல்ற பதிலும் பெரும்பாலும் ஒண்ணுதான். அதனால பொதுவாவே எழுதறேன், படிக்கிற யாருக்காவது அவங்க கரைக்கு உதவும்.

மொதல்ல மணல். கடற்கரைங்கறது ஒரே எடத்துல நிக்கிற பொருள் இல்ல. புயல் காலத்துல பெரிய அலை வந்து கரைல இருக்குற மணல இழுத்துட்டு போயி கொஞ்ச தூரத்துல தண்ணிக்கடியில ஒரு திட்டா போட்டு வச்சிரும், அப்புறம் வர்ற அலையெல்லாம் அந்த திட்டுல மோதி அங்கயே ஒடஞ்சு பாதி பலத்தோடதான் கரைக்கு வரும், அதாவது கரை தன்னோட மணலையே குடுத்து தன்னை காப்பாத்திக்குது. கடல் அமைதியானதும் சின்ன சின்ன அலை அதே மணல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி கொண்டாந்து சேக்கும். அக்கா ஆல்பத்துல படி கூடுறதும் குறையுறதும் இதுதான். இதுக்கு மேல மணல் கரையோரமாவே ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கத்துக்கு வருஷம் பூரா ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு எடத்துல கல்ல போட்டு நிறுத்தினா அந்தாண்ட பக்கம் அரிக்கும். இந்த கொடுக்கல் வாங்கலுக்கு பின்னாடி ஒரு கையிருப்பு வேணும்ல, அந்த கையிருப்புதான் மணல்மேடு. அது மேலதான் டவர் கேக்குறாங்க.

மணல்மேட்டுல கை வச்சு பாத்திருக்கீங்களா, சும்மா மேல இருக்குற மணல் இல்ல, அடம்பு கொடிய தூக்கி பாத்தா தெரியும். ஒரு நாள் மீன்பிடிக்கிற பெரியவர் ஒருத்தர் என்னை உக்கார வச்சு காட்டினார். ஆட்டுக்குளம்பு மாதிரி ரெண்டா பிளந்த இலை, ஊதா பூ, கொடி நீளமா படர்ந்து போகுது, கணுவுக்கு கணு வேர் எறக்கி இருக்கு. அவர் ஒரு கணுவ மட்டும் மெதுவா எழுப்பி காட்டினார், வேர்ல ஒரு பிடி மணல் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துச்சு, கீழ இருந்தது ஈரமா, குளுகுளுன்னு. பக்கத்துல ராவணன் மீசை புல்லு, காத்துல வர்ற மணல புடிச்சு வச்சு அது மேலயே வளர்ந்து மேட்ட இன்னும் ஒசத்துது. "தம்பி, இது மேல ஒரு மாசம் லாரி ஓடுனா போதும், அடுத்த காத்துக்கு இந்த மேடு இருக்காது"ன்னார். எழுப்புன கணுவ திரும்ப மணல்ல அமுக்கி வச்சிட்டுதான் எந்திரிச்சார். கம்பெனி ரிப்போர்ட்ல அந்த எடத்துக்கு போட்டிருக்குற பேர் "தரிசு மணல் நிலம், புதர்கள்". அந்த ஒரு வரிக்காகவே நான் தனியா ரெண்டு பக்கம் ஆட்சேபணை எழுதினேன்.

அடுத்தது தண்ணி, இதுதான் கூட்டத்துல யாரும் அதிகமா பேச மாட்டேங்குறாங்க, எனக்கு பெரிய பயமே இதுலதான். மணலுக்கு அடியில மழைத்தண்ணி எறங்கி நல்ல தண்ணியா நிக்குது, அதுக்கு கீழ கடல் தண்ணி. உப்புத்தண்ணி கனம் கூட, நல்ல தண்ணி கனம் கம்மி, அதனால ரெண்டும் கலக்காம மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 மீட்டர் நின்னா அதோட எடை கீழ சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் உப்புத்தண்ணிய தள்ளி வச்சிருக்கும், இது நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச கணக்கு. இத திருப்பி போட்டு பாருங்க, நூத்துக்கணக்கான வீட்டுக்கு போர் போட்டு உறிஞ்சி, போதாததுக்கு பார்க்கிங் தோண்டும்போது மாசக்கணக்கா பம்ப் வச்சு தண்ணிய வெளிய இறைச்சு, மேல மட்டம் 1 மீட்டர் எறங்கினா கீழருந்து உப்பு 40 மீட்டர் வரைக்கும் மேல வரலாம். உடனே வராது, மெதுவா வரும், வந்தா நாம இருக்குற காலத்துல திரும்பி போகாது. டவர்ல இருக்குறவங்க லாரி தண்ணி வாங்கிப்பாங்க, பக்கத்துல கெணத்த நம்பி இருக்குற குடும்பம் என்ன பண்ணும்? இந்த கேள்விய நான் எழுத்துல கேட்டேன், "மாநகர குடிநீர் இணைப்பு உத்தேசிக்கப்பட்டுள்ளது"ன்னு பதில் வந்துச்சு, உத்தேசிச்ச தண்ணிய யாரு குடிக்க முடியும்.

வெளிச்சமும் இருக்கு. ஆமைக்குஞ்சு ராத்திரிதான் மணல விட்டு வெளிய வரும், வந்ததும் எந்த பக்கம் தாழ்வா வெளிச்சமா தெரியுதோ அந்த பக்கம் போகும், லட்சக்கணக்கான வருஷமா அந்த வெளிச்சம் கடல் மேல தெரியுற வானம்தான். இப்ப பின்னாடி பால்கனி லைட்டும் தெருவிளக்கும் அத விட பிரகாசமா இருந்தா அது கரை பக்கமா திரும்பிடும். ஒரு தடவை தன்னார்வலர்களோட ராத்திரி நடந்தப்ப நானே பாத்தேன், உள்ளங்கைல பாதி கூட இல்லாத ஒரு குஞ்சு, தார் ரோட்டு ஓரத்துல துடுப்பு மாதிரி இருக்குற காலால சரளைய தள்ளிக்கிட்டு விளக்குக்கம்பத்த பாத்து போயிக்கிட்டு இருந்துச்சு, கடல் சத்தம் பின்னாடி நல்லாவே கேக்குது, ஆனா அதுக்கு கண்ணுதான் வழி. தூக்கிட்டு போயி ஈர மணல்ல விட்டோம், முதல் அலை பட்டதும் நீந்த ஆரம்பிச்சிருச்சு. எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "ஆமைகள் காணப்படவில்லை"ன்னு இருக்கு. எப்ப பாத்தாங்கன்னு தேடி பாத்தா முட்டையிடுற சீசன் முடிஞ்ச அப்புறம், அதுவும் பகல்ல. பகல்ல போயி தேடுனா எப்படிங்க கிடைக்கும்.

இப்ப எங்க மேல சொல்ற குத்தத்துக்கு வர்றேன், ஏன்னா அத மழுப்ப கூடாது. "உங்களுக்கு ஏற்கனவே கடல் பக்கம் வீடு இருக்கு, அடுத்தவன் வந்தா மட்டும் வேணாங்கறீங்க"ன்னு சொல்றாங்க. எங்க கூட்டத்துல அப்படிப்பட்டவங்களும் சில பேர் இருக்காங்க, உண்மைதான், பார்வைய மறைக்குதுன்னு மட்டும் சொல்லி மனு குடுத்தவங்க இருக்காங்க, அந்த மனுவ நான் ஆதரிக்கல. ஜனங்களுக்கு வீடு வேணும், அடுக்குமாடி கட்டறது தப்பே இல்ல, சொல்லப்போனா குறைஞ்ச எடத்துல நிறைய பேர் இருந்தா வயலும் காடும் மிஞ்சும், பஸ்ஸும் ரயிலும் ஓட வசதி. ஆனா அது உறுதியான நிலத்துல, தண்ணியும் வடிகாலும் ரோடும் இருக்குற எடத்துல. நகர்ற மணல் மேல அடர்த்தி கூட்டறதுன்னா ஆபத்துல நிக்கிற ஆளோட எண்ணிக்கைய கூட்டறதுன்னுதான் அர்த்தம். வெள்ளம் வர்ற நேரத்துல ஒரே ஒரு ரோடு வழியா எத்தனை குடும்பம் வெளிய போக முடியும்னு கணக்கு கேட்டோம், அந்த கணக்கு ரிப்போர்ட்லயே இல்ல. கடல் மட்டம் 1901-லருந்து 2018-க்குள்ள சராசரியா 20 சென்டிமீட்டர் ஒசந்திருக்கு, 2006-லருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம், இது ஐநாவோட பருவநிலைக் குழு சொல்ற கணக்கு. ஒரு கட்டடம் அம்பது அறுபது வருஷம் நிக்கணும். இத சொன்னா எங்கள வளர்ச்சிக்கு எதிரின்னு எழுதறாங்க.

நான் இந்த பதிவுல முக்கியமா சொல்ல வந்தது ஒண்ணுதான், எதிர்ப்பு முதல் கம்பி எறங்குறதுக்கு முன்னாடி வரணும். சட்டம் பாத்துக்கும், கோர்ட் இருக்குன்னு உக்காந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு கொச்சி மரடு இருக்கு. நாலு அடுக்குமாடி வளாகம், காயல் ஓரத்துல, 2006-ல அப்போ இருந்த பஞ்சாயத்து பெர்மிட் குடுத்துச்சு, அடுத்த வருஷமே கடலோர ஒழுங்குமுறை விதி மீறல்னு நோட்டீஸ் போச்சு, அப்புறம் கேஸு, தடை, மேல்முறையீடு, இதுக்கு நடுவுல கட்டடம் எழும்பி, வித்து, ஜனங்க குடி வந்தாச்சு. சுப்ரீம் கோர்ட் இடிக்க சொன்னது 2019 மே 8-ல. 2020 ஜனவரி 11, 12 ரெண்டு நாள்ல வெடி வச்சு தகர்த்தாங்க, எல்லாரும் டிவில பாத்தோம், 343 ஃப்ளாட். கைதட்டி பாத்தவங்களும் இருந்தாங்க, என்னால முடியல. வாழ்நாள் சேமிப்ப போட்டு வாங்கினவங்க சாமான தூக்கிட்டு லிஃப்டுக்கு காத்துக்கிட்டு நின்னத பாத்தா எப்படி சந்தோஷப்படறது. சட்டம் ஜெயிச்சுது, சரிதான், ஆனா பதிமூணு வருஷம் கழிச்சு, அதுக்குள்ள விதிய மீறினவங்க வித்துட்டு போயாச்சு, இடிபாடு மட்டும் 70,000 டன்னுக்கு மேல, அதுவும் அதே தண்ணி ஓரத்துல. 2006-ல அந்த பெர்மிட் போர்டுக்கு முன்னாடி இருநூறு பேர் போயி நின்னிருந்தா அந்த 343 ஃப்ளாட்டும் யாரோட கனவுலயும் வந்திருக்காது.

ஸ்பெயின்லயும் இதே கதை, அல்கரோபிகோங்கற கடற்கரை, கபோ தே கட்டா இயற்கைப் பூங்காவுக்கு உள்ள, 411 ரூம் ஹோட்டல், மலைச்சரிவ வெட்டி மணல் வரைக்கும் எறக்கி கட்டினாங்க. கட்டி முடியுற நேரத்துல 2006-ல கோர்ட் வேலைய நிறுத்துச்சு, அது கட்டக்கூடாத எடம்னு 2016-ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சு, அதுக்கு அப்புறமும் வருஷக்கணக்கா வெள்ளை எலும்புக்கூடு மாதிரி அங்கயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. சுற்றுச்சூழல் ஆளுங்க 2014-ல ஏறி முகப்புல பெருசா சட்டவிரோத ஹோட்டல்னு பெயிண்ட்ல எழுதினாங்க. ஆளே தங்காத கட்டடம், ஆனா சரிவு போனது போனதுதான்.

முன்னாடியே எழுந்தவங்களும் இருக்காங்க, அது எனக்கு தெம்பு. கலிஃபோர்னியால சீ ரான்ச்னு ஒரு ப்ராஜெக்ட், 16 கிலோமீட்டர் கரைய பொதுஜனம் எறங்க வழியில்லாம அடைக்கப் பாத்துச்சு, அந்த கோபம் பரவி 1972-ல ஜனங்களே வாக்கெடுப்பு கொண்டாந்து கடற்கரைய பாக்க தனி கமிஷன் வர வச்சாங்க, 1976-ல அது நிரந்தர சட்டமாச்சு. இங்கிலாந்துல நேஷனல் டிரஸ்ட் 1965-ல நெப்டியூன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு ஜனங்ககிட்ட பணம் திரட்டி கரையவே வெலைக்கு வாங்கி வச்சிட்டாங்க. ஃபிரான்ஸ்ல 1986 சட்டப்படி ஊருக்கு வெளிய இருக்குற கரைல 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது. இந்தியாவுல 1981-லயே அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு உயர் அலைக்கோட்டுலருந்து, அதாவது ஏத்தத்துல கடல் தண்ணி வந்து தொடுற எல்லைலருந்து, 500 மீட்டர விட்டு வைங்கன்னு கடிதம் எழுதினாங்க, 1991-ல அது சிஆர்இசட்ங்கற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியா வந்துச்சு. ஆனா கெடச்சது அப்படியே இருக்கும்னு நெனச்சிராதீங்க. 2019 ஜனவரில வந்த புது அறிவிக்கை ஜனநெருக்கம் கூடுதலா இருக்குற கிராமப்புறக் கடலோரத்துல கட்டக்கூடாத பட்டைய 200 மீட்டர்லருந்து 50 மீட்டரா குறைச்சுது, நகரத்துல 1991 அளவுலயே நிறுத்தி வச்சிருந்த எஃப்எஸ்ஐ கட்டுப்பாட்டையும், அதாவது மனை அளவுக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்ங்கற வரம்பையும், எடுத்துருச்சு. இது ரெண்டும் நேரா டவர் கட்டறவங்களுக்கு கதவ திறந்து விட்ட மாதிரி. கடல் அந்த 150 மீட்டர விட்டுக்குடுத்திருச்சா என்ன?

கட்டடம் வந்தப்புறம் அடுத்த கோரிக்கை என்னன்னு கேட்டா தடுப்புச்சுவர். ஆஸ்திரேலியால காலராய் கடற்கரைல மணல்மேட்டு மேலயே வீடும் ஃப்ளாட்டும் கட்டியிருந்தாங்க, 2016 ஜூன் புயல்ல ஒரு வீட்டோட நீச்சல்குளம் அப்படியே பேந்து மணல்ல விழுந்து கெடந்துச்சு, அந்த படத்த நீங்களும் பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் 7 மீட்டர் உயரத்துக்கு நேர்குத்தா சுவர் எழுப்பினாங்க, ஊர் ஜனங்க 2021-ல கைகோத்து மணல்ல வரிசையா நின்னு எதிர்த்தாங்க, ஏன்னா செங்குத்து சுவர்ல மோதுற அலை பலம் குறையாம திரும்பி அடிவாரத்து மணல தோண்டிட்டு போகும், சுவர் நிக்கும், கடற்கரை போயிரும். அப்ப சொத்து வச்சிருக்குறவங்களுக்கும் மணல்ல நடக்குறவங்களுக்கும் சண்டை, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குற சண்டை, அதான் கொடுமை. பின்னாடி தள்ளி கட்டியிருந்தா அந்த சண்டையே வந்திருக்காது.

எதிர்க்குறவங்களுக்கு நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம் சொல்றேன். நூறு பேர் ஒரே அச்சடிச்ச மனுவுல கையெழுத்து போட்டா பெரும்பாலும் அத ஒரே ஆட்சேபணையா கட்டி வச்சிருவாங்க, பத்து பேர் அவங்கவங்க பாத்தத தேதியோட எழுதினா பத்துக்கும் பதில் சொல்லியாகணும். வரைபடத்த வாங்குங்க, அது ஆபீஸ்ல இருக்கும், கேக்குறது உங்க உரிமை, கேட்டு வாங்கி கைல வச்சுக்கிட்டு எடத்துல நடங்க. நாங்க நடந்தப்பதான் ரிப்போர்ட்ல போட்டிருந்த உயர் அலைக்கோடு மணல்மேட்டுக்கு கடல் பக்கமா போகுது, ஆனா போன பருவத்து பாசியும் சிப்பியும் காஞ்ச குச்சியும் ஒதுங்கின வரி அதுக்கு எத்தனையோ அடி உள்ள தள்ளி கிடக்குன்னு தெரிஞ்சுது, போட்டோ எடுத்து அளவோட அனுப்பினோம், மறு அளவீடு பண்ண ஒத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு, ஒரு ப்ராஜெக்ட தனியா பாத்தா பாதிப்பு குறைவுன்னுதான் வரும், பக்கத்துல ஏற்கனவே அனுமதி வாங்குனது, வரிசைல நிக்குறது எல்லாத்தையும் சேத்து கழிவுநீர் எவ்ளோ, போர் எவ்ளோ, கார் எவ்ளோன்னு கேளுங்க. அந்த கேள்விக்குத்தான் மேடைல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் வாங்கப்போறவங்ககிட்டயும் பேசுங்க, அவங்க எதிரி இல்ல, புக்கிங் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த வரைபடத்த பாக்க சொல்லுங்க, எங்க ஆட்சேபணைய படிச்சிட்டு ரெண்டு பேர் அட்வான்ஸ திருப்பி கேட்டதா தகவல் வந்துச்சு.

எங்க ஃபைல் இப்போதைக்கு முடிவாகல. மறு அளவீடு எப்பன்னு தேதி சொல்லல, ஆனா மணல்மேட்டு மேல லாரி போக கூடாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க, அடம்பு கொடி அப்படியே இருக்கு, போன ஞாயித்துக்கிழமை போயி பாத்தேன், பூத்திருக்கு.

ஆல்பத்துல இருக்குற முப்பத்தி ரெண்டு போட்டோவையும் ஸ்கேன் பண்ணி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அக்கா எழுதி வச்சிருந்த மாசம் வருஷத்த சேத்து இணைப்பா அனுப்பியாச்சு. மூணு படத்துல தேதி இல்ல, பையனோட சட்டைய பாத்துட்டு எந்த வருஷத்து துணின்னு அக்காவும் அவங்க தங்கச்சியும் ஒரு மணி நேரம் பேசி கண்டுபிடிச்சாங்க. நேத்து போன் பண்ணி, "வர்ற பௌர்ணமிக்கு தண்ணி நல்லா ஏறும் தம்பி, டேப்பு எடுத்துக்கிட்டு காலைலயே வந்துரு, இன்னைக்கு படி எத்தனை தெரியுதுன்னு அந்த ஆபீசர் முன்னாடியே எண்ணிருவோம்"னாங்க. ஆபீசருக்கு லெட்டர் போட்டிருக்கேன்.